திருமலை கேட்காத காம்போதி

அந்தக் கோடையில் ஒரே ஒரு ராகத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை முழுசாகக் கேட்டுவிடுவது என்று திருமலை சபதம் எடுத்தான். சபதத்தை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் இருந்தது ஒரு மனைவியும் ஒன்பது மாதக் குழந்தையும்தான். குழந்தையிடம் சொல்லியிருக்கலாம்.

ஆரணியில் பட்டு நெய்கிறவன் காதுக்கு முழு ராகம் கிடைப்பது சுலபமில்லை. திருமலையின் தறிக்கு மேலே ஆணியில் ஒரு டிரான்சிஸ்டர் தொங்கும். அதில் நாகசுரம் வரும். வித்வான் ஒரு சங்கதியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மேலே ஏறுவார். இதோ உச்சியைத் தொடப்போகிறார் என்கிற இடத்தில் தறி 'தடக்' என்னும். அவர் மறுபடி கீழேயிருந்து ஏறுவார். மறுபடி 'தடக்'. பத்து வருஷமாக அவன் கேட்ட காம்போதியெல்லாம் எலி கடித்த காம்போதி. தறியை நிறுத்திவிட்டுக் கேட்டால் என்ன என்று கேட்பீர்கள். நிறுத்திப் பார்த்தான். அரை நிமிஷத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்னாங்க, தறி சத்தம் காணோம்? சும்மாதான் இருக்கீங்களா? பாப்பாவ கொஞ்சம் புடிங்க."

தனக்கோடிக்கு இருபத்திரண்டு வயது. கான்வென்ட்டில் பத்தாவது வரை படித்தவள். பிரேயர் நேரத்தில் சிஸ்டர்கள் அவளை முதல் வரிசையில் நிறுத்திப் பாடவைப்பார்களாம். பாப்பா பிறந்த பிறகு அவள் பாடவில்லை. நேரம் முழுவதும் பயப்படுவதற்கே சரியாக இருந்தது. பாப்பா தும்மினால் பயம். ரொம்ப நேரம் தும்மாவிட்டாலும் பயம். தூங்கினால் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பாள். மூச்சு வருகிறது என்று தெரிந்ததும், ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது என்று அடுத்த பயம் தொடங்கும். அப்படிப்பட்டவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராகம் கேட்க முடியுமா? பல்லவி வருவதற்குள் பாப்பாவுக்குப் பத்து வியாதி வந்துவிடும்.

இப்படித்தான் திருமலை நினைத்தான். பிற்பாடு இதை நினைத்து நினைத்து வருத்தப்பட்டான் என்பது வேறு விஷயம்.

எண்பத்து மூன்றாம் வருஷம், அக்கினி நட்சத்திரத்துக்கு ஒரு வாரம் முன்னால், ஜெகநாதன் ஒரு மஞ்சள் நோட்டீஸைக் கொண்டுவந்தான். ஜெகநாதன் அதே தெருக்காரன், பால் வேன் ஓட்டுகிறவன், திருமலையின் கூட்டாளி.

"மச்சான், வேலூர் கோட்டை மைதானத்துல மூணு நாளு கோடை இசை விழா. சனிக்கெழம சாயங்காலம் நாகசுரம். தஞ்சாவூர் பக்கத்து வித்வான். மேடைக்கு மட்டும்தான் கொட்டாய். கேக்கறவனுக்கு வானம்தான்."

"நாம ரெண்டு பேரும் போறோம்."

"வீட்ல?"

"வீட்ல எதுக்குடா சொல்லணும்?"

"நீ சொல்லாத இருந்துடுவ. என் வீட்ல பாஞ்சால, நான் தூங்கி எழுந்தா இன்னா கனவு கண்டேன்னு கேக்கறா."

"கேட்டா பால் லோடுன்னு சொல்லு."

"சாயங்காலம் எந்த மாடுடா லோடு குடுக்கும்?"

இவ்வளவும் அவர்கள் ரகசியமாகப் பேசினார்கள். பேசிவிட்டு நோட்டீஸைத் தறி மேடையிலேயே விட்டுவிட்டார்கள். ராத்திரி சோறு போடும்போது தனக்கோடி அதைக் கையில் வைத்திருந்தாள்.

"ஏங்க, இதுக்கு நாம போலாமா?"

திருமலைக்கு ரசம் புரையேறியது.

"நீ... அவ்ளோ கூட்டத்துல..."

"பயமாதான் இருக்கும். ஆனா ஆசையாவும் இருக்குதுங்க. பாப்பாவ வேணா..."

அவளை அவன் முடிக்க விடவில்லை. "போலாம் போலாம். ஏன் போகாம? பாவு தீராம இருந்தா தாராளமா போலாம்."

பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஓடும் நூல். ஒரு பாவில் மூன்று புடவை நெய்யலாம். மூன்றாவது புடவை முடிந்தால் பாவும் தீர்ந்தது. அப்போது புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு, முறுக்கிப் பிணைக்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. அந்த வீட்டில் அது தனக்கோடியின் வேலை. ஒருத்தியாக உட்கார்ந்தால் முழுசாக இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. அந்த இரண்டு நாளும் நெய்கிறவனுக்கு லீவு.

மூன்றாவது புடவையில் பாதி பாக்கி இருந்தது. அவன் வழக்கமாக நெய்கிற வேகத்தில் விழாவுக்கு அடுத்த புதன்கிழமைதான் முடியும். வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டால்? சனி ஞாயிறு தனக்கோடி தறியோடு கட்டுண்டு கிடப்பாள். தறி இல்லாத திருமலை வேலூரில் மணலில் சாய்ந்து கிடப்பான். யாரும் யாரையும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. பாவு சொல்லிவிட்டது. அந்த யோசனை வந்தபோது தன்னுடைய மூளையைப் பார்த்து அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுநாள் காலை நாலு மணிக்குத் தறியில் இறங்கினான். டிரான்சிஸ்டரை மூடினான். பேச்சில்லை, காபியில்லை, தெருவில் யார் போகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதில்லை. ஊடு நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுப்பார்களே, தார், அதைத் தனக்கோடிதான் ராட்டையில் சுற்றித் தருவாள். ஒரு நாளைக்கு ஒரு கூடை போதும். "ரெண்டு கூடை சுத்து" என்றான்.

"ரெண்டா?"

"முகூர்த்தப் பொடவ. மொதலாளி ஜல்தி ஜல்தின்றாரு."

தனக்கோடி அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பாப்பாவைத் தூளியில் போட்டு, ஒரு காலால் தூளிக்கயிற்றை ஆட்டிக்கொண்டே இரண்டு கூடை தார் சுற்றினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்கும் பத்துக் கேள்வி கேட்கிறவள் ஒரு கேள்வியும் கேட்காமல் போனபோதே திருமலை உஷாராகியிருக்க வேண்டும். அவனோ தறி ஓடுகிற சந்தோஷத்தில் இருந்தான்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம் கடைசித் தார் ஓடியது. திருமலை தறியிலிருந்து எழுந்து, முகத்தைத் துக்க வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வைத்துக்கொண்டான்.

"அடடா. பாவு தீந்துபோச்சே, தனம்."

"ஆமாங்க."

"நாளைக்குன்னு பாத்தா தீரணும்?"

"அதானே."

"உன்ன கூட்டிகினு போகணும்னு எவ்ளோ ஆசையா இருந்தேன் தெரியுமா?"

"தெரியுங்க."

"இப்ப நீ ரெண்டு நாளு உக்காந்து பிணைக்கணும். நான் வேற வீட்ல இருந்தா உனக்குப் பேஜாரு."

"நீங்க போயிட்டு வாங்க. நீங்களாவது முழுசா கேளுங்க."

அந்தக் கடைசி வார்த்தை அவனுக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாயைத் திறந்தான். கொட்டாவி வந்தது. அதை விட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டான்.

சனிக்கிழமை விடியற்காலையில் புடவையை எடுத்துக்கொண்டு சேவூரில் இருக்கும் முதலாளி வீட்டுக்குக் கிளம்பினான். முதலாளி பூஜையில் இருந்தார். பிறகு குளியலில் இருந்தார். பிறகு டிபனில் இருந்தார். புடவையைப் பிரித்துப் பார்த்து, "அவசரமே இல்லியேப்பா, அடுத்த மாசம்தானே முகூர்த்தம்" என்றார். திருமலை வெயிலில் வீடு திரும்பும்போது மணி ஒன்று.

தெருமுனையிலேயே ஜெகநாதனின் பால் வேன் நின்றது. நல்ல நண்பன், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான் என்று திருமலை நினைத்தான். பக்கத்தில் போனான். வேன் நிறையப் பெண்கள். பால் கேன்களைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தலையிலும் கனகாம்பரம். எல்லார் மடியிலும் ஒரு தூக்கு. இடுக்குகளில் குழந்தைகள்.

ஜெகநாதன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே சாலையைப் பார்த்தான். "பாஞ்சால கேட்டுட்டாடா" என்றான், உதடு அசையாமல்.

திருமலை வீட்டுக்குள் ஓடினான். தறியில் புதுப் பாவு பிணைத்து முடித்து, இழுத்துக் கட்டி, நெய்யத் தயாராக நின்றது. ஒரு இழை பாக்கி இல்லை. தனக்கோடி பட்டுப் புடவையில் நின்று பாப்பாவுக்கு மை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தனம் இது?"

"நீங்க அவ்ளோ ஆசையா இருந்தேன்னு சொன்னீங்களே, மனசு கேக்கலங்க. நீங்க அந்தாண்ட போனதும் வீடு வீடா போயி அக்காங்கள கூப்ட்டேன். நாலு நாலு பேரா மாத்தி மாத்தி உக்காந்தாங்க. பதினோரு மணிக்கே முடிஞ்சிது."

பிரசவம், கல்யாணம், சாவு என்று ஒரு வீட்டில் கை ஓயும்போது மற்ற வீட்டுப் பெண்கள் வந்து பாவு பிணைத்துக் கொடுப்பது அந்தத் தெரு வழக்கம். கச்சேரிக்காகக் கூப்பிட்டதில் தனக்கோடிதான் முதல் ஆள்.

"சரி, வண்டில எதுக்கு எல்லாரும்?"

"அவ்ளோ கூட்டத்துல எனக்கு பயமா இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் தொணைக்கு."

"எத்தினி பேரு?"

"எட்டு பேருதாங்க. கொழந்தைங்கள நான் எண்ணல."

முன் சீட்டில் கிருஷ்ணம்மாள் உட்கார்ந்திருந்தாள். தெருவிலேயே மூத்தவள், உடம்பிலும் மூத்தவள். "திருமல, எனக்கு முட்டி மடங்காது. நீ பின்னாடி கேன் மேல குந்திக்கோ" என்றாள். குந்திக்கொண்டான். பால் வேனில் மே மாத மத்தியானம் என்ன வாசனை அடிக்கும் என்பது அதில் போனவர்களுக்குத் தெரியும். கண்ணமங்கலம் போவதற்குள் இரண்டு குழந்தைகள் வாந்தி எடுத்தன. ஒன்று வெளியே எடுத்தது. இன்னொன்று திருமலையின் இஸ்திரி போட்ட வேட்டியில் எடுத்தது.

"உனக்கு கொழந்தைங்க நல்லா ஒட்டுதுப்பா" என்றாள் பாஞ்சாலை.

கோட்டை மைதானத்தில் திருமலை மொத்தம் ஏழு தடவை தண்ணீர் கொண்டுவந்தான். நாலு தடவை குழந்தைகளை ஓரமாகக் கூட்டிப்போனான். ஒரு தடவை காணாமல் போன பையனைத் தேடி, கிடைத்த பையனைக் கூட்டிவந்து, அவன் வேறு யாரோ வீட்டுப் பையன் என்று தெரிந்து திரும்பக் கொண்டுபோய் விட்டான். ஒன்பது ஜோடிச் செருப்புக்குக் காவல் இருந்தான். ஜெகநாதன் வேனைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வேனிலேயே தூங்கிப்போனான். அவன் புத்திசாலி. கச்சேரி கேட்கவேண்டும் என்ற ஆசையே அவனுக்கு இருந்ததில்லை.

வெயில் தாழ்ந்தது. கோட்டைச் சுவர் மேல் கிளிகள் கத்திக்கொண்டு போயின. மேடையில் விளக்குப் போட்டார்கள். வித்வான் உட்கார்ந்து சீவாளியை உதட்டில் வைத்து ஒரு தரம் ஊதிப் பார்த்தார். மைதானம் அடங்கியது. எட்டுப் பெண்களும்கூட அடங்கினார்கள்.

காம்போதி.

திருமலை கண்ணை மூடினான். முதல் சங்கதி வந்தது. 'தடக்' இல்லை. இரண்டாவது வந்தது, 'தடக்' இல்லை. நாகசுரம் மெல்ல ஏறத் தொடங்கியது. பத்து வருஷமாக எந்த உச்சிக்கு முன்னால் வழுக்கி வழுக்கி விழுந்தானோ, அந்த உச்சி, அதோ, இன்னும் இரண்டு படி...

"இன்னாங்க."

திருமலை கண்ணைத் திறக்கவில்லை.

"ஏங்க. பாப்பா சிணுங்கறா. தவிலுக்கு ஒடம்பு தூக்கிப் போடுது பாருங்க. கொஞ்சம் அகழிப் பக்கமா காத்தாட தூக்கிகினு போங்களேன்."

"கிருஷ்ணம்மா அக்காகிட்ட குடேன்."

"வேற யாரு தூக்கினாலும் எனக்கு உசுரு நிக்காதுங்க. உங்க கைல இருந்தாதான் எனக்கு பயமே இல்ல."

இதற்கு ஒரு மனுஷன் என்ன பதில் சொல்வான்? கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவனைப் பற்றி யாரும் இவ்வளவு பெரிய வார்த்தை சொன்னதில்லை. எழுந்து பாப்பாவை வாங்கிக்கொண்டான்.

அகழி ஓரமாக நடந்தான். காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. நாகசுரம் அப்படியே காட்பாடி பக்கம் பறந்து போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு வந்து சேர்ந்தது தவில் மட்டும்தான், அதுவும் தறிச் சத்தம் மாதிரி. திரும்பி மேடையை நோக்கி நடந்தான். ஒரு வேப்பமரம் வரை பாப்பா சும்மா இருந்தாள். மரத்தைத் தாண்டியதும் வீறிட்டாள். பின்வாங்கினான், சிரித்தாள். மறுபடி தாண்டினான், வீறிட்டாள். அந்த மரத்துக்கும் அகழிக்கும் நடுவே இருபது தடவை நடந்திருப்பான். வறுகடலை விற்கிறவன் ஒருவன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா நைனா, உள்ள போவலியா? இந்த மாதிரி வாசிப்பு கேட்டதே இல்லன்றாங்களே எல்லாரும்."

"நீ போயேன்."

"நான் இப்பதான் கேட்டுட்டு வந்தேன். கடலைய வாங்கறதுக்கு ஆளே இல்ல, அத்தினி பேரும் கண்ண மூடிகினு கீறாங்க."

கடைசியில் பாப்பா அவன் காதைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். தூங்கிவிட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்ததும், திருமலை தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்திருப்பவன் போல அடிமேல் அடி வைத்து நடந்தான். மரத்தைத் தாண்டினான். அழவில்லை. கூட்டத்தின் ஓரத்துக்கு வந்தான். மங்களம் வாசித்து முடித்தார்கள். ஜனங்கள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார்கள்.

தனக்கோடி மட்டும் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையும் மடியில் மலர்ந்து கிடக்க, மேடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. அவளுடைய இரண்டு கையும் ஒரே நேரத்தில் சும்மா இருந்ததை அவன் ஒன்பது மாதமாகப் பார்த்ததில்லை. விரல் நுனிகளில் காலையில் தொட்ட சாம்பல் இன்னும் போகாமல் இருந்தது.

திரும்பும்போது கிருஷ்ணம்மாள் முன் சீட்டிலேயே குறட்டை விட்டாள். பின்னால் கவிழ்த்த கேன்கள் மேல் திருமலையும் தனக்கோடியும் பக்கத்துப் பக்கத்தில். பாப்பா அவன் இடது தோளில்.

"எப்டி இருந்திச்சு?" என்று கேட்டான்.

"சொல்லத் தெரிலங்க. நடுவுல ஒரு எடத்துல மேல போயி, அப்டியே நின்னாரு பாருங்க. எங்கியும் ஒரு சத்தம் இல்ல. அப்ப நான் பாப்பாவகூட நெனைக்கல. அது பாவமாங்க?"

"இல்ல தனம்."

வேன் கண்ணமங்கலத்தைத் தாண்டியது.

"தனம், அந்தப் பாவு விஷயம்... நான் வேணும்னேதான்..."

"தெரியுங்க."

"தெரியுமா?"

"தார் சுத்தறது யாரு? ரெண்டு கூடைன்னு நீங்க சொன்ன அன்னிக்கே கணக்கு போட்டுட்டேன், வெள்ளிக்கெழம ஆறு மணிக்கு முடியும்னு. நீங்க ஆறரை ஆக்கிட்டீங்க."

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்."

திருமலைக்கு வெள்ளிக்கிழமை விட்ட கொட்டாவி நினைவுக்கு வந்தது.

"எங்க அக்கா போளூர்ல இருந்து வந்து பாப்பாவ ஒரு நாளு வச்சிக்கிறேன்னு சொல்லி இருந்தா" என்றாள் தனக்கோடி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நாம ரெண்டு பேரு மட்டும் போலாம்னு நோட்டீஸ் பாத்த அன்னிக்கு சொல்ல வந்தேன். நீங்க பாவு பாவுன்னீங்க. சரின்னு அக்காவ வர வேணாம்னுட்டேன். அப்புறம் பாப்பாவோட தனியா வர பயமா இருந்திச்சு, இவங்கள கூப்ட்டேன்."

மணலில் இரண்டே பேர். மடியில் குழந்தை இல்லை, சுற்றிலும் செருப்பு இல்லை, தண்ணீர்க் குடம் இல்லை. முழுக் காம்போதி. சோற்றுத் தட்டுக்கு முன்னால் நின்று அவள் அதைத்தான் நீட்டியிருக்கிறாள். அவன் ரசத்தோடு சேர்த்துத் துப்பியிருக்கிறான். அதற்காக ஆறு நாள் நாலு மணிக்கு எழுந்து வேறு நெய்திருக்கிறான்.

"நாளைக்கு வயலின் இருக்குது" என்றான். குரல் அவனுக்கே புதுசாக இருந்தது. "காலைல முதல் பஸ்ஸுல போயி உங்க அக்காவ நானே கூட்டிகினு வரேன். நாம ரெண்டு பேரு மட்டும் போலாம். கடைசி வரைக்கும் உக்காந்து கேக்கலாம். நெசமா."

"நெசமாவா?"

"நெசமா."

தனக்கோடி அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்தன்று சிரித்த சிரிப்பு. பிறகு அது மெல்லக் குறைந்தது.

"நாளைக்கு முடியாதுங்களே."

"ஏன்?"

"கிருஷ்ணம்மா அக்கா வீட்ல நாளைக்கு பாவு தீருது. நமக்கு வந்து பிணைச்சாங்க இல்ல, நான் போயி பிணைக்கணும். அது முடிஞ்சா அடுத்த வீடு. எட்டு வீடும் முடியட்டும், கண்டிப்பா போலாம்."

"எட்டு வீடும் எப்ப முடியும்?"

"ஆடி வந்துடும்."

"அதுவரைக்கும்... நீ பகல் முழுக்க அங்க போயி உக்காந்துகினா, பாப்பாவ யாரு பாத்துக்கறது?"

தனக்கோடி அவனுடைய வலது தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிப்போயிருந்தாள். இடது பக்கம் பாப்பா அவன் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தாள்.